பதினெட்டால் பெருக்கு

என் கணவரின் தங்கை லீவுக்கு வந்திருந்தபோது ஒரு நாள் காலையில் சாப்பாட்டு மேசைப் பக்கம் என்னை உட்காரவைத்து, இடது கையை மடக்கித் தலைக்குப் பின்னால் கொண்டுபோகச் சொன்னாள். அவள் நர்ஸ். முதலில் குவைத்தில் இருந்தாள், பிறகு இங்கிலாந்தில் வேலை கிடைத்துப் போனாள். அங்கிருந்து எனக்காகக் கொண்டுவந்த அட்டைப்பெட்டி மேசைமேல் திறந்து கிடந்தது. மேல்கையின் பின்பக்கத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு பிளாஸ்டிக் சாமானை அந்த இடத்தில் வைத்தாள்.

“மைனி, மூச்ச இழுத்து விடுங்க.”

ஸ்டேப்ளர் அடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. அவள் கிண்ணத்தை எடுத்தபோது, கையில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளை வட்டம் ஒட்டியிருந்தது. அதன் அடியில் நூல் போன்ற ஒன்று என் சதைக்குள் போயிருப்பதாகச் சொன்னாள்.

“வலிச்சுதா?”

“இல்ல.”

வலிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் முதுகெல்லாம் வியர்த்திருந்தது. பத்தொன்பது வயதிலிருந்து நாள்தோறும் வயிற்றிலும் தொடையிலும் இன்சுலின் குத்திக்கொண்டவள் நான். ஊசிக்கெல்லாம் பயமில்லை. குத்தின ஊசி வெளியே வந்துவிடும். இது உள்ளேயே இருக்கப் போகிறது, இரண்டு வாரத்துக்கு, நான் குளிக்கும்போதும் தூங்கும்போதும் வகுப்பெடுக்கும்போதும் என்ற நினைப்புத்தான் வியர்க்க வைத்தது.

இதெல்லாம் நடந்தது இரண்டாயிரத்துப் பதினேழில். அருமனைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கணவருக்கு ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை. அன்று அவர் கடையைத் திறக்கப் போகாமல் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். சென்சார் என்ற அந்த வட்டம் வேலை செய்யத் தொடங்க ஒரு மணி நேரம் ஆகுமாம். அதுவரை யாரும் அங்கிருந்து நகரவில்லை. நேரம் வந்ததும், பழைய சின்ன மொபைல் போன் மாதிரி இருந்த ரீடரை நாத்தனார் என் கையருகே கொண்டுபோனாள். ‘டிக்’ என்றது. திரையில் 9.4 என்று விழுந்தது.

கணவர் எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“ஒம்பதா? சுகர் ஒம்பதுண்ணா ஆளு இருக்குமா?”

“அண்ணா, அங்க உள்ள கணக்கு வேற. பதினெட்டால பெருக்கணும். அப்பந்தான் நம்ம ஊரு நம்பர் கிட்டும். இந்த மெஷின்ல அத மாத்தவும் முடியாது” என்றாள் நாத்தனார். பிறகு என்னைப் பார்த்து, “மைனி கணக்கு டீச்சருல்லா. இதெல்லாம் ஒரு சோலியா?” என்றாள்.

“நூத்தி அறுபத்தொம்பது” என்றேன். மூவரும் சிரித்தோம். அந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பிறகு சுகரைப் பற்றிப் பேசிச் சிரித்தது அன்றுதான்.

ஒரு வருடத்துக்கு முன்னால் நடந்ததையும் சொல்லவேண்டும். அதனால்தான் இந்த சென்சார் வந்தது.

சுகர் தாழ்ந்தால் முன்பெல்லாம் எனக்குத் தெரியும். கை நடுங்கும், நெற்றி வியர்க்கும், உதடு மரத்துப்போகும், பசி வயிற்றைப் பிறாண்டும். பையில் இருக்கும் குளுக்கோஸை வாயில் போட்டுக்கொள்வேன், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். வருடங்கள் போகப்போக அந்த அடையாளங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. எப்போது நின்றன என்று எனக்கே தெரியாது. வராத நடுக்கத்தை யார் கவனிப்பார்கள்?

ஒரு சனிக்கிழமை மார்த்தாண்டத்தில் துணி எடுத்துவிட்டு அருமனைக்குப் பஸ் ஏறினேன். ஜன்னலோர இருக்கை. அடுத்தபடியாக எனக்குத் தெரிந்தது, ஆள் இல்லாத பஸ்ஸில் கண்டக்டர் என் முன்னால் குனிந்து நின்றதுதான். பஸ் கடைசி நிறுத்தத்தில் ரப்பர் தோட்டத்தை ஒட்டி நின்றுகொண்டிருந்தது. என் சேலையெல்லாம் சாயா. அவர் என் வாயில் ஊற்றப் பார்த்து சிந்தியதாம். “டீச்சர் கண்ண தொறந்துதான் இருந்தீங்க. எறங்கலியாண்ணு கேட்டேன், என்னப் பாத்து சிரிச்சீங்க. எனக்குப் பேடியாயிப் போச்சு” என்றார், அந்தப் பயம் இன்னும் முகத்தில் இருக்க. நான் சிரித்தது எனக்குத் தெரியாது. என் நிறுத்தம் தாண்டியதும் தெரியாது. அவ்வளவு தூரம் கண்ணைத் திறந்துகொண்டு நான் எங்கே இருந்தேன் என்று இன்றுவரை தெரியாது.

அவரே என் போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டிருந்தார். அன்றிலிருந்து கணவர் பகலில் பலமுறை போன் செய்வார். “சாப்பிட்டியா?” அது மட்டும்தான். நான் வகுப்பில் இருந்து எடுக்காவிட்டால் பள்ளி ஆபீசுக்குப் போன் போகும். டாக்டர், “உங்களுக்கு எச்சரிக்கை போய்விட்டது, இனி எந்திரம்தான் சொல்ல வேண்டும்” என்றார். அதைக் கேட்டுத்தான் நாத்தனார் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாள்.

அவள் திரும்பிப் போகும்போது அடுத்த சில மாதத்துக்கான சென்சார்களை அலமாரியில் அடுக்கிவைத்துவிட்டுப் போனாள். எனக்கு அப்போது என்ன நினைப்பு என்றால், இனிப் பயமில்லை, எல்லாம் தெரிந்துவிடும் என்பதுதான்.

எல்லாம் தெரிந்தது. அதுதான் தொல்லையாகிப் போனது.

முன்பு காலையிலும் மாலையிலும் விரலில் குத்திப் பார்ப்பேன். அந்த இரண்டு நேரம் மட்டும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், மற்ற நேரத்தில் பிழைப்பைப் பார்ப்பேன். இப்போது ரீடரைக் கைக்குக் காட்டினால் போதும், எண் வந்துவிடும். பக்கத்தில் ஒரு அம்புக்குறி. மேலே போகிறதா, கீழே போகிறதா என்று அது சொல்லும். ஆனால் அந்த ரீடர் தானாகக் கத்தாது. நாம் போய்க் கேட்டால்தான் சொல்லும். கேட்காத நேரத்தில் என்ன ஆகிக்கொண்டிருக்கிறதோ என்ற எண்ணம் வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. பார்த்து முடித்த கையோடு மறுபடி பார்ப்பேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டே பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னால், எல்லோரும் மூடிய பிறகு முந்தானைக்குள் ரீடரைக் கொண்டுபோவேன்.

சாப்பாடு பயமாகிப் போனது. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால் அம்பு செங்குத்தாக மேலே நிற்கும். புட்டுக்கு ஒரு மட்டிப்பழம் பிசைந்தால் அதே கதை. இருபது வருடம் நான் சாப்பிட்டதெல்லாம் இப்படித்தான் ஏறியிருக்குமா, என் கண்ணையும் சிறுநீரகத்தையும் இப்படித்தான் தின்றிருக்குமா என்று தோன்றும். தட்டைத் தள்ளிவைத்துவிடுவேன். தள்ளிவைத்தால் தாழ்ந்துவிடுமோ என்று மறுபடி இழுப்பேன். கணவர் எதிரே உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் “சாப்பிட்டியா?” என்று கேட்பதை நிறுத்தியிருந்தார். இப்போது கேள்வி “எத்தற?”

எத்தனை என்று அவர் கேட்பது என்னிடம் இல்லை, என் கையிடம்தான் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. நல்ல எண்ணாக இருந்தால் அவர் முகம் தெளியும். இல்லையென்றால், “என்ன தின்ன?” என்பார். கோபமாகக் கேட்கமாட்டார். ஆனாலும் மார்க் ஷீட்டை நீட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளையைப் போல் நான் நிற்பேன்.

வெளியிலும் நிம்மதி இல்லை. தையல்காரப் பெண்ணிடம் ஜாக்கெட்டின் கையை முழங்கைவரை நீட்டித் தைக்கச் சொன்னேன். சித்திரை வெக்கையில் அந்த நீளக் கைக்குள் சென்சாரின் பிளாஸ்திரி வெந்தது. வட்டத்தைச் சுற்றிச் சிவந்து அரித்தது. சொறிந்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் என்று சொறியவும் பயம். பள்ளியில் ஆசிரியர்கள் வகுப்புக்குப் போன் கொண்டுபோகக் கூடாது என்று விதி இருந்தது. ரீடரைப் பார்த்து யாரோ தலைமையாசிரியையிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு, “இந்த வயசுல நமக்கு எதுக்கு டீச்சர் கிளாஸ்ல மொபைல்?” என்றார். நான் ஜாக்கெட் கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். “கரண்டா?” என்றார். பிறகு அவர் தடுக்கவில்லை. ஆனால் எனக்கு இருதயத்துக்கு மிஷின் வைத்திருப்பதாகப் பிள்ளைகள் நடுவே பேச்சுப் பரவிவிட்டது. வராந்தாவில் என்னைக் கண்டால் ஓடுகிறவர்கள் நடந்தார்கள், அதிர்ச்சி தாங்கமாட்டேன் என்று.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தது.

ஆலயம் முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். வெளியே மழை. நல்ல தூக்கம். கனவில் எங்கோ தண்ணீருக்குள் இருந்தேன். தண்ணீர் இனிப்பாக இருந்தது. மூக்கில் ஏறியது. மூச்சை இழுத்தால் காற்றுக்குப் பதில் அதுதான் வந்தது. கண்ணைத் திறந்தபோது கணவர் என் தாடையை ஒரு கையால் பிடித்து அழுத்திக்கொண்டு மறு கையால் டம்ளரைச் சாய்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டு உருண்டு எழுந்தேன். இருமல் நிற்கவில்லை. நெஞ்சு பிளந்துவிடும் போலிருந்தது. மூக்கு வழியாகச் சர்க்கரைத் தண்ணீர் ஒழுகியது. மூச்சு வந்தபோது அவர் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டு புள்ளி மூணு காட்டிச்சு” என்றார். “கூப்பிட்டேன். நீ எழும்பல்ல.”

அவருக்கும் பெருக்கத் தெரியும் அப்போது. நாற்பத்தொன்று. நான் தூங்கும்போது ரீடரைக் கையருகே காட்டிப் பார்த்துவிட்டு, அதை மனதில் கணக்குப்போட்டு அவர் அடுக்களைக்கு ஓடியிருக்கிறார்.

நான் விரலைக் குத்திப் பார்த்தேன். பழைய மிஷினில் நூற்றி இருபதுக்குக் கிட்ட வந்தது. ஒரு குறையும் இல்லாத சுகர். நான் சும்மா தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாத்தனாருக்குப் போன் செய்தோம். அவள் முழுவதையும் கேட்டாள். “மைனி, எடது பக்கமாட்டு சரிஞ்சு கெடந்தீங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். “சென்சார் மேல சாஞ்சு கெடந்தா கொறச்சுத்தான் காட்டும். நான் சொல்ல மறந்துட்டேன்.” பிறகு அண்ணனிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். அவள் குரல் எனக்கும் கேட்டது. “அண்ணா, போதம் இல்லாத ஆளுக்க வாயில ஒருநாளும் வெள்ளம் ஊத்தப்பிடாது. நெஞ்சுக்குள்ள போச்சுண்ணா அதுலயே உயிரு போயிரும்.”

அவர் “செரி” என்றார். போனை வைத்தார். “நான் உன்ன கொன்னிருப்பேன் பிள்ளே” என்றார். எனக்குத் தொண்டை எரிந்துகொண்டிருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். தாடையில் அவர் விரல்கள் அழுந்திய இடத்தில் வலி அடுத்த நாளும் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் ரீடரைத் தொடவில்லை. “எத்தற?” என்றும் கேட்கவில்லை. எனக்கும் அந்த எண்களின் மேல் நம்பிக்கை போய்விட்டது. ஆனால் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. பார்ப்பேன், இது பொய்யாக இருக்கும் என்று நினைப்பேன், விரலைக் குத்துவேன். இரண்டும் ஒன்றாக வந்தால் ஒரு நிம்மதி. வேறாக வந்தால் எதை நம்புவது? விரல்நுனியெல்லாம் மறுபடி கறுத்துப்போனது. குத்தாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்பதை நினைத்தால் அழுகை வரும்.

ஓணம் லீவில் இராஜாக்கமங்கலத்திலிருந்து என் தங்கை வந்தாள். அவளை அங்கே கட்டிக்கொடுத்திருக்கிறது. அவள் கணவருக்கு மீன் வியாபாரம். அவர் வேலை விட்டு வரமுடியாது என்று அவள் மட்டும் வந்திருந்தாள். எங்களிருவருக்கும் வயது வித்தியாசம் அதிகம். அவள் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை கணக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான், அடியும் கொடுத்துத்தான். சென்சாரைப் பார்த்து, “அக்கா, இதத் தொட்டா உனக்கு வலிக்குமா?” என்று கேட்டாள். தொடச் சொன்னேன். தொடவில்லை.

திற்பரப்பு அருவிக்குப் போகவேண்டும் என்றாள். தண்ணீர் நன்றாக விழுகிறதாம். எனக்குப் போக மனமில்லை. அருவி அடித்து சென்சார் பிடுங்கிக்கொண்டு போனால் என்ன செய்வது? தண்ணீருக்குள் மயங்கினால்? ஆனால் எதற்கும் மாட்டேன் மாட்டேன் என்று சொல்லிச்சொல்லி எனக்கே அலுத்திருந்தது. என் கணவர் ஒரு வேன் ஏற்பாடு செய்தார். பக்கத்து வீட்டாரும் சேர்ந்துகொண்டார்கள். காலையில் இன்சுலின் போட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஏறினேன். நெருக்கியடித்து உட்கார்ந்ததில் என் இடது கை வேனின் சுவரோடு அழுந்தியிருந்தது.

லீவு நாள் ஆதலால் திற்பரப்பில் கூட்டம். வேனை வெகுதூரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நடந்தோம். பெண்கள் குளிக்கும் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரமாகத் தலையை மட்டும் காட்டினேன். தங்கை உள்ளே போனாள். அவள் குரல் தண்ணீருக்குள்ளிருந்து கேட்டது. வெளியே வந்து ஈரத்தோடு நின்று ரீடரைப் பிளாஸ்டிக் கவரோடு கைக்குக் காட்டினேன். 3.4. அம்பு கீழே.

அறுபத்தொன்று. பயம் வந்தது. அடுத்த கணமே, வேனில் கை அழுந்திக்கிடந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இப்படித்தானே காட்டிற்று. விரல் குத்தும் மிஷின் வேனில் இருந்த பையில் இருந்தது, குளுக்கோஸும் அதே பையில். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. நடுக்கம் இல்லை, வியர்வை இல்லை, இருந்தாலும் அருவி நீரில் தெரியவா போகிறது? என் உடம்பு இனி எதையும் சொல்லாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த ஈரத்தில் நின்றுகொண்டு நான் என் உடம்பையே நம்பினேன். இன்னொரு பொய்க்காகக் கூட்டத்தின் நடுவே ஆர்ப்பாட்டம் செய்யவேண்டாம் என்று நினைத்தேன்.

எவ்வளவு நேரம் கழித்து என்று தெரியாது, மறுபடி காட்டினேன். 2.7 என்று இருந்தது.

பதினெட்டால் பெருக்க வேண்டும். ஏழு பதினெட்டு. ஏழையும் பதினெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் அப்படியே நின்றன. ஏழும் எட்டும் என்ன, கூட்டவேண்டுமா? இரண்டு எதற்கு அங்கே நிற்கிறது? எனக்கு எரிச்சலாக வந்தது. கணக்கைச் சரியாகக் கொடுக்காமல் யாரோ என்னைக் கேலி செய்கிறார்கள் என்று நிச்சயமாக நம்பினேன். ஆள் இல்லாத இடத்துக்குப் போய்ப் போட்டுப்பார்த்தால் வந்துவிடும் என்று தோன்றியது. கூட்டத்தை விட்டு நடந்தேன். மேலே ஆறு பாறையில் பரந்து ஓடும் பக்கமாக நடந்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது வெளிச்சம் மட்டும். பாறைமேல் தண்ணீர் மின்னிக்கொண்டிருந்தது. அது சத்தமே இல்லாமல் ஓடியது.

யாரோ என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். தங்கை.

“அக்கா, எங்க போற? அங்க வழுக்கும்.”

“விடு. பெருக்கணும்” என்றேன்.

“என்னத்த?”

ரீடரை அவளிடம் நீட்டினேன். “ஏழு பதினெட்டு எத்தறட்டி?”

அவள் ரீடரைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிறகு என் இடுப்பில் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டு, “அத்தான்” என்று கூப்பிட்ட சத்தத்தில் அருவிக்கரையில் பாதிப் பேர் திரும்பினார்களாம்.

கணவர் ஓடிவந்தார். ஒரு கடையிலிருந்து எலுமிச்சை பிழிந்த நாரங்காவெள்ளம் வாங்கிக்கொண்டு வந்தார், சர்க்கரை அதிகம் போட்டு. அதுவரை சரியாகத்தான் செய்தார். என் அருகே வந்ததும் டம்ளரோடு நின்றுவிட்டார். இதை நான் பார்த்தேனா, தங்கை சொல்லித்தான் தெரியுமா என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

“மிஷின் வேன்ல இருக்கு. குத்திப் பாத்துட்டு குடுப்போம்” என்றார்.

“அத்தான், குடுங்க.”

“அண்ணைக்கும் இப்பிடித்தான் காட்டிச்சு. தொண்டையில கேறிச்சுண்ணா...”

“எங்க அக்காளுக்கு ஏழு பதினெட்டு வரல்ல. இனி என்னத்த குத்திப் பாக்கணும்?” என்றாள் தங்கை. டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கினாள். என்னைப் பாறையில் உட்காரவைத்தாள். “அக்கா, நான் சொல்லது கேக்குதா? இது குடி. பைய குடி. முழுங்கு.” ஒவ்வொரு வாய்க்கும் நான் விழுங்குகிறேனா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். நான் இரண்டு முறை துப்பினேனாம். கசப்பு என்று சொன்னேனாம். அவள் விடவில்லை.

உலகம் திரும்பி வந்தது. முதலில் அருவியின் சத்தம் வந்தது, காது திறந்ததுபோல் ஒரேயடியாக. பிறகு குளிர். பிறகு, எதிரே வட்டமாக நின்ற கூட்டம். என் பள்ளிப் பிள்ளைகள் யாராவது இருப்பார்களோ என்றுதான் நான் முதலில் பயந்தேன். பாறையின் விளிம்பு நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதை எழுந்தபோதுதான் பார்த்தேன். கணவர் பிடித்துக்கொண்டார்.

வேனில் ஏறி உட்கார்ந்தோம். சென்சார் கையிலேயே இருந்தது. பிளாஸ்திரி ஒரு ஓரம் மட்டும் கிளம்பியிருந்தது. நான் அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்துவிட நினைத்தேன். அதே நேரம், அது விழுந்துவிடக் கூடாது என்று உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டும் இருந்தேன்.

தங்கை ஊருக்குத் திரும்பின பிறகு, ஒரு மாலையில் கணவர் கடையை நேரத்தே பூட்டிவிட்டு வந்தார். ரப்பர் பால் வாடை அடிக்கும் சட்டையோடேயே என் எதிரே உட்கார்ந்தார்.

“எனக்கு இப்பம் ரெண்டு பேடி” என்றார். “குடுத்தாலும் பேடி. குடுக்காட்டாலும் பேடி. அண்ணைக்கு டம்ளரப் பிடிச்சிட்டு நிக்கும்ப, உன்ன ஒருக்க நான் கொன்னாச்சு, இனியும் கொல்லணுமாண்ணுதான் தோணிச்சு.”

பஸ் சம்பவத்துக்குப் பிறகு அவர் தன் பயத்தைப் பற்றி என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அதுவரை அவர் என் சுகரைப் பற்றி மட்டும்தான் பேசினார். நானும் என் பயத்தைச் சொன்னேன். தூக்கத்தில் அவர் கை என் மேல் பட்டாலே தாடை இறுகுகிறது என்று சொன்னேன். அதைச் சொல்லக் கூடாது என்று பலநாள் அடக்கிவைத்திருந்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்.

பிறகு இருவரும் யோசித்துச் சில ஏற்பாடுகள் செய்தோம். நாத்தனாரையும் டாக்டரையும் கேட்டுத்தான். எண் தாழ்வாக வந்தால், நான் முழித்திருந்தால், முதலில் சர்க்கரை, சந்தேகம் பிறகு. பொய்யாக இருந்தால் கொஞ்சம் ஏறும், ஏறினால் ஏறட்டும். நான் தூங்கிக்கொண்டிருந்தால் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், புரட்டிப் போட்டு மறுபடி பார்க்க வேண்டும். எழவே இல்லையென்றால் வாயில் ஒன்றும் கொடுக்காமல் ஊசி. சுகரை ஏற்ற அப்படி ஒரு மருந்து உண்டு என்று டாக்டர் சொன்னார். கிடைப்பது கஷ்டமாக இருந்தது. நாத்தனார்தான் அனுப்பிவைத்தாள். கணவர் நாரங்காயில் குத்திப் பழகினார். நாலைந்து நாரங்காய்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த வருடமும் அதற்கடுத்த வருடமும் நான் சென்சார் போட்டுக்கொண்டேன். வலது கைக்கு மாற்றினேன், நான் இடதுபக்கம் சரிந்து படுப்பவள் என்பதால். அரிப்பு வந்தால் ஒரு வாரம் கையைச் சும்மா விடுவேன். அந்த வாரம் எனக்குக் காற்றோட்டமாக இருக்கும். ஆனால் பஸ்ஸில் ஏற மாட்டேன். எண்ணைப் பார்ப்பது குறைந்தது. சாப்பாட்டுக்கு முன்னால், வகுப்புக்கு முன்னால், வீட்டைவிட்டு வெளியே போகும் முன்னால் என்று வைத்துக்கொண்டேன். மற்ற நேரத்தில் கை ரீடரைத் தேடிப் போகும், பாதி வழியில் இழுத்துக்கொள்வேன். சில நாள் இழுத்துக்கொள்ள முடியாது.

பள்ளியில் நான் யாரிடமும் ஒன்றும் சொல்லாமலே இருபது வருடத்தை ஓட்டியிருந்தேன். சுகர் இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். அருவிக்குப் போய்வந்த அந்த வருடமே டிசம்பரில் ஒரு நாள் இடைவேளையில், ஆசிரியர் அறையில் என் பக்கத்து இருக்கையில் இருந்த தமிழ் டீச்சரிடம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். புதிதாக வந்தவர், சின்ன வயது. என் பையில் குளுக்கோஸ் எங்கே இருக்கிறது, நான் சம்பந்தமில்லாமல் பேசினாலோ காரணமில்லாமல் கோபப்பட்டாலோ என்ன செய்யவேண்டும், எப்போது வாயில் கொடுக்கக் கூடாது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். சொல்லச்சொல்ல அவர் முகம் வெளுத்தது.

“நீங்க வேண்டாம்ணு சொன்னா?” என்றார்.

“வேண்டாம்ணுதான் சொல்லுவேன். அத கேக்கப்பிடாது.”

“திட்டுவீங்களா?”

“திட்டுவேன்.”

“எனக்குப் பேடியாட்டு இருக்கு டீச்சர்” என்றார்.

“எனக்கும் அப்பிடித்தான்” என்றேன்.

அவர் என் பையை இழுத்து, குளுக்கோஸ் இருந்த பக்கத்து ஜிப்பைத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி ஒருமுறை திறந்து பார்த்தார். மணி அடித்தது. அவர் ஆறாம் வகுப்புக்கும் நான் ஒன்பதாம் வகுப்புக்கும் போனோம்.